கலியாணத்தை முன்னிட்டு

நியூ லின், ஒக்லாந்து
15 செப்டெம்பர் 1996

அன்புள்ள சம்பந்தி வரதராஜன் அவர்களுக்கு,

சஞ்சீவன் புதன்கிழமை சுகமாக வந்து சேர்ந்தான். நீங்களும் உங்கள் மனைவி, தங்கச்சி ரதிதேவியும் கட்டிக் கொடுத்த முறுக்கைச் சுங்கக்காரர் கொட்டிக் கிளறிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம். கறிவேப்பிலை மட்டும் குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டது. சரோஜாதேவிக்கு மகன் வந்த சந்தோஷத்தில் பாதியை அந்தக் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டது.

லண்டனில் பதிவாளர் கந்தோரில் நடந்த எழுத்துக்கு நாங்கள் வராததை நீங்கள் குறையாக எடுக்கவில்லை என்று அவன் சொன்னான். மனம் ஆறுதலாக இருக்கிறது. இரண்டு பேருக்கு லண்டன் போய்வரும் செலவு, ஓய்வூதியத்தில் வாழ்கிறவனுக்குக் கொஞ்சம் அதிகம். படங்கள் பார்த்தோம். பதிவாளரின் மேசைக்கு முன்னால் மருமகள் கஜந்தினி பேனையைப் பிடித்திருக்கிற விதத்தைப் பார்த்து, நன்றாக எழுதப் பழகிய பிள்ளை என்று சரோஜாதேவியிடம் சொன்னேன். முகத்தைப் பார்க்கச் சொன்னால் விரலைப் பார்க்கிறீர்களே என்று பேச்சு வாங்கினேன்.

பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் வாழ்த்துச் சொன்னாள். அது எழுத்து மட்டும்தான், கலியாணம் பெப்ரவரியில் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. பதிவாளருக்கு முன்னால் கையெழுத்து வைத்த பெண் ஏன் இன்னும் தகப்பன் வீட்டில் இருக்கிறாள் என்று கேட்டாள். டிக்கெட் வாங்குவது எழுத்து, பஸ்ஸில் ஏறுவது கலியாணம் என்று ஓர் உதாரணம் சொன்னேன். தலையாட்டினாள். விளங்கியதா, என்னைப் பார்த்துப் பாவப்பட்டாளா தெரியாது.

விசாவுக்கான பத்திரங்களைக் கொடுத்தாயிற்று. தை மாதக் கடைசியில், பெப்ரவரி ஒன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை நல்ல முகூர்த்தம் இருக்கிறது. மண்டபத்துக்கும் சொல்லியாயிற்று. சஞ்சீவன் இங்கே ஒரு பலகை வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறான். முற்பணத்துக்குத் தன் சேமிப்பு கொஞ்சம் போதாது என்கிறான், வங்கியோடு கதைத்துக்கொண்டிருக்கிறான்.

ஒரு விஷயத்தை முன்பே சொல்லியிருக்கிறேன், எழுத்திலும் இருக்கட்டும். சீதனம் என்ற பெயரில் உங்கள் வீட்டிலிருந்து ஒன்றும் வேண்டாம். கஜந்தினி வந்தால் போதும். முறுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது.

அன்புடன்,
ஜெயரட்ணம்

ஹரோ, லண்டன்
2 ஒக்டோபர் 1996

மதிப்புக்குரிய மாஸ்ரர் அவர்களுக்கு,

உங்களைப்போல் எனக்கு எழுத வராது. இருபத்தாறு வருஷம் நகரசபைக் கந்தோரில் கணக்கு எழுதினவன். ஆகையால் விஷயத்துக்கு வருகிறேன்.

இத்துடன் ஐயாயிரம் பவுணுக்கு வங்கிக் காசோலை ஒன்று இருக்கிறது. சஞ்சீவன் பார்த்திருக்கும் வீட்டின் முற்பணத்துக்கு. கஜந்தினியிடம் கொடுக்கப் பார்த்தேன். மாமாவைக் கேட்காமல் ஒரு பென்னியும் எடுக்க மாட்டாளாம். அதனால் உங்களுக்கு அனுப்புகிறேன்.

இது சீதனம் அல்ல. விளக்கம் இது. இந்த நாட்டில் ஒருவர் செத்தால், அவருடைய சொத்து இரண்டு லட்சம் பவுணைத் தாண்டினால், தாண்டினதில் நூற்றுக்கு நாற்பதை அரசாங்கம் எடுக்கும். இருக்கிற வீட்டோடு வெம்பிளியில் வாடகைக்கு விட்ட சின்ன வீட்டையும் சேர்த்தால் நான் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டேன். உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடலாம். ஆனால் கொடுத்த பிறகு ஏழு வருஷம் இருக்க வேண்டும். அதற்குள் போய்விட்டால் கொடுத்ததையும் சொத்தோடு சேர்த்துத்தான் எண்ணுவார்கள்.

சில கொடைகளுக்கு இந்த ஏழு வருஷக் கணக்கு இல்லை. அதில் ஒன்று, பிள்ளையின் கலியாணத்துக்குப் பெற்றவர் கொடுப்பது. ஐயாயிரம் பவுண் வரை வரி இல்லை. அது கலியாணத்துக்கு முதல் கைமாற வேண்டும். எதற்காகக் கொடுத்தது என்று கடிதத்தில் தெளிவாக இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தையும் வைத்திருக்கிறேன். சஞ்சீவன் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வைக்கட்டும். சாட்சியாக நீங்கள் வையுங்கள். சுணங்காமல் திருப்பி அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
க. வரதராஜன்

நியூ லின்
13 ஒக்டோபர் 1996

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

கடிதமும் காசோலையும் கிடைத்தன. இரண்டையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கோபத்தில் அல்ல. காரணத்தைச் சொல்ல அனுமதி தாருங்கள்.

வாத்தியார் வேலையை விட்டு எட்டு வருஷமாகிறது. ஆனாலும் ஒரு வசனத்தைக் கண்டால் பிரித்துப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. ‘எனது மகளின் கலியாணத்தை முன்னிட்டு மணமகன் சஞ்சீவனுக்கு ஐயாயிரம் பவுண் கொடுக்கிறேன்.’ இதைக் கரும்பலகையில் எழுதி, இந்தப் பணத்துக்கு ஒரு சொல்லில் பெயர் சொல்லுங்கள் என்று எட்டாம் வகுப்பில் கேட்டால், கடைசி வாங்கில் தூங்குகிறவனும் எழும்பி, “சீதனம், சேர்” என்பான். நீங்கள் சீதனம் அல்ல என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனத்தில் அது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உப்புப் போத்தலில் சீனி என்று எழுதி ஒட்டினால் தேநீர் இனிக்காது. அந்த வசனத்துக்குக் கீழே நான் கையெழுத்து வைத்தால், ஜெயரட்ணம் மகனுக்குச் சீதனம் வாங்கினான், சாட்சியும் அவனே என்று ஆகிவிடும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். என் அக்காவின் கலியாணத்தில் அப்பா, தான் கட்டிய வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதினார். அத்தான் கெட்டவரல்ல. ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதின அடுத்த நாள் தொடக்கம், அப்பா வானொலியைப் போடுவதற்கு முன் அத்தானின் முகத்தைப் பார்ப்பார். தான் கட்டிய வீடு, தான் வாங்கிய வானொலி. அத்தான் தலையாட்டாமல் இருந்ததே இல்லை. இருந்தும் அப்பா பார்ப்பார். அந்தப் பார்வையை நான் பார்த்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. என் கலியாணத்திலும் வாங்கவில்லை. மகனுக்கும் வாங்க மாட்டேன்.

இங்கே மரண வரியை நாலு வருஷத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். செத்தவரை விட்டுவிட்டு, கொடுக்கிறவரைத்தான் பிடிக்கிறார்கள். அதுவும் வருஷத்தில் இருபத்தேழாயிரம் டொலரைத் தாண்டிக் கொடுத்தால் மட்டும். உங்கள் நாட்டுச் சட்டம் இப்படி ஒரு வசனத்தைக் கேட்பது உங்கள் பிழை அல்ல. ஆனால் அந்த வசனம் எனக்கு வேண்டாம்.

தங்கச்சிக்கும் கஜந்தினிக்கும் எங்கள் அன்பு.

ஜெயரட்ணம்

ஹரோ
25 ஒக்டோபர் 1996

மாஸ்ரர் அவர்களுக்கு,

திருப்பின காசோலை வந்தது. உறையைப் பிரித்தது ரதிதேவி. கஜந்தினி என்னோடு இங்கிலிஷில் கதைக்கத் தொடங்கிவிட்டாள். கோபம் என்றால் அவளுக்குத் தமிழ் மறந்துவிடும்.

நீங்கள் என் வசனத்துக்குப் பூச்சியம் போட்டுவிட்டீர்கள். சரி. நான் தமிழ்ச் சோதனை எழுதவில்லை. வரிக்கந்தோர் கேட்கிற வசனத்தை எழுதினேன். இதைக் கலியாணத்துக்குப் பிறகு கொடுத்தால் விலக்கு இல்லை. பிறகு நான் ஏழு வருஷம் இருந்து காட்ட வேண்டும். ஏழு வருஷத்துக்கு நான் யாரிடம் உத்தரவாதம் வாங்குவது? நாள் போகிறது. உங்களுக்கு அது விளங்கவில்லை.

உங்கள் தகப்பனாரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வாசித்தேன். நானும் ஒன்று சொல்கிறேன். எனக்கு ஒரே பிள்ளை. அவளுக்கு நான் கொடுக்கிறதை உங்களைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றால், இப்போது வானொலிக்குப் பக்கத்தில் நின்று உங்கள் முகத்தைப் பார்ப்பது யார்? உங்கள் அத்தானாவது தலையாட்டினார்.

வெறுங்கையோடு பன்னிரண்டாயிரம் மைல் பறந்து வந்து உங்கள் பந்தலில் விருந்தாளியாக நிற்க என்னால் முடியாது. கலியாணம் நடக்கட்டும். ரதிதேவி பிள்ளையோடு வருவாள். தாரை வார்க்கத் தாய்மாமன் இருக்கிறார். நான் வரவில்லை.

க. வரதராஜன்

நியூ லின்
6 நவம்பர் 1996

அன்புள்ள சம்பந்தி,

வானொலியைப் பற்றி நீங்கள் எழுதிய வரியை மூன்று தரம் படித்தேன். நாற்பத்தைந்து வருஷமாக அந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் நான் அத்தானின் கதிரையில் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அதற்கு நன்றி சொல்வதா, வருத்தம் தெரிவிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தகப்பன் இல்லாமல் கஜந்தினி மணவறைக்கு வருவாள் என்றால் அந்த மணவறையை நான் போட மாட்டேன். இதை மிரட்டலாக எடுக்க வேண்டாம். எனக்கு அதைப் பார்க்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

இங்கே வீட்டிலும் ஒரே கரைச்சல். சஞ்சீவன் பார்த்த வீடு போன கிழமை வேறு யாருக்கோ போய்விட்டது. கோபத்தில் வந்து, தேநீர்க் கோப்பையைத் தொடாமல் நின்றுகொண்டு சொன்னான்.

“அப்பா, நீங்கள் ரெண்டு பேரும் எந்தக் கலியாணத்தைப் பற்றிக் கதைக்கிறியள்? எங்களுக்கு ஓகஸ்டிலயே முடிஞ்சுது. இமிக்கிரேசன்காரனுக்கு அவள் என்ர வைஃப்.”

“அது எழுத்தடா” என்றேன்.

“எழுத்துத்தான் அப்பா கலியாணம். பெப்ரவரியில நடக்கிறது சாப்பாடு.”

“அப்ப உனக்குத் தாலி வேண்டாம், வடை போதுமோ?” என்று சரோஜாதேவி அடுப்படியில் இருந்து கேட்டாள். அவன் சிரித்துவிட்டான். சிரித்தபடியால் தேநீரையும் குடித்தான். விசா வந்துவிட்டது என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னான். அதில் உண்மையாகவே கஜந்தினி அவனுடைய மனைவி என்றுதான் இருக்கிறதாம்.

இனி நான் எழுதப்போவதைத் தவறாக எடுக்காதீர்கள். உங்கள் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். சீதனம் என்ற சொல்லைத் தேடித்தான் படித்தேன். ஆனால் திரும்பத் திரும்ப வந்தது வேறு சொல். ஏழு வருஷம். வகுப்பில் ஒரு பிள்ளை ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேட்டால், அவன் கேட்க விரும்புவது வேறு ஒன்று. என்னிடம் படித்த ஒருவன், பரீட்சை எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் பார்த்தால், வீட்டில் தாய்க்குச் சுகமில்லை.

அறுபத்தொரு வயதில், சொந்தக் கையால் கார் ஓடி சஞ்சீவனை விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்ட மனிதர், ஏழு வருஷத்தை ஏன் மலையாகப் பார்க்கிறார்? ஏன் சுணங்க வேண்டாம் என்கிறார்?

சம்பந்தி, உங்கள் உடம்புக்கு என்ன?

அன்புடன்,
ஜெயரட்ணம்

ஹரோ
18 நவம்பர் 1996

மதிப்புக்குரிய மாஸ்ரர்,

இந்தக் கடிதத்தை நூலகத்தில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் ரதிதேவி தேத்தண்ணி கொண்டு வருவாள்.

செப்டெம்பரில் குடலில் ஒரு கட்டி கண்டார்கள். சஞ்சீவன் விமானம் ஏறின அடுத்த கிழமை. எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியுமாம். டிசம்பர் ஒன்பதாம் திகதி சத்திரசிகிச்சை. ரதிதேவியிடம் குடலிறக்கம் என்று சொல்லியிருக்கிறேன். கஜந்தினியிடம் அதுவும் சொல்லவில்லை. சொன்னால் விசாவைக் கிழித்துப்போட்டுவிட்டு என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். ஏன் என்று தெரியவில்லை. நேரில் பார்த்திராதபடியால் இருக்கலாம்.

எனக்குச் சாகிறது பயமில்லை என்று எழுதத் தொடங்கி வெட்டிவிட்டேன். பயம்தான். ஆனால் பயத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. கணக்கைச் சரி பண்ணத்தான் தெரியும். பிள்ளைக்கு என்று ஒன்றை என் கையால் ஒழுங்காகக் கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று இருந்தேன். அதுதான் அந்த அவசரம்.

இனி இன்னொரு விஷயம். சிரிக்கலாம், நான் சிரிக்கவில்லை. என் வரிக்கணக்கைப் பார்க்கிறவர் ரங்கநாதன், திருச்சிக்காரர். உங்கள் வீட்டுச் சண்டையை, மகன் சொன்ன பகிடியோடு, அவரிடம் சும்மா சொன்னேன். மனிதர் பேனையை வைத்துவிட்டார்.

“சார், ரிஜிஸ்டர் ஆகஸ்ட்லயே ஆயிடுச்சா?”

“ஓம், எழுத்து முடிஞ்சுது. கலியாணம் பெப்ரவரியில.”

“உங்களுக்குத்தான் சார் ரெண்டு. வரி ஆபீஸுக்கு ஒண்ணுதான். பொண்ணுக்கு ஆகஸ்ட்லயே மேரேஜ் ஆயிடுச்சு. இனிமே நீங்க குடுக்கறது வெட்டிங் கிஃப்டே இல்ல. இதை ஏன் சார் எங்கிட்ட மொதல்லயே சொல்லல?”

கடிதம் எழுதச் சொன்ன அன்று, கலியாணம் எப்போது என்று மட்டும் அவர் கேட்டார். பெப்ரவரி என்றேன். என்னை எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். பதிவாளர் கந்தோரில் மகளுக்குப் பக்கத்தில் நான்தான் நின்றேன். எழும்பி வந்து காரில் ஏறும்போது ரதிதேவியிடம், இனிக் கலியாண வேலையைப் பார்க்க வேண்டும் என்றேன். இருபத்தாறு வருஷம் அடுத்தவர் கணக்கில் பிழை பிடித்தவன் நான்.

ஆக, அந்த விலக்கு ஓகஸ்டிலேயே போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் இல்லாத ஒன்றுக்காகச் சண்டை பிடித்திருக்கிறோம். வேறு வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதாக ரங்கநாதன் சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் எழுதினதை ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். சரோஜாதேவி அக்காவுக்கும்.

க. வரதராஜன்

நியூ லின்
27 நவம்பர் 1996

அன்புள்ள சம்பந்தி,

கடிதம் கையில் இருக்கும்போதே ரெலிபோனுக்குப் போனேன். தங்கச்சி எடுத்தால் என்ன சொல்வது என்று நினைத்துத் திரும்பி வந்து பேனையை எடுத்தேன். சரோஜாதேவியிடம் சொல்லவில்லை. ஆனால் அவள் இரண்டு தரம் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். அதிக நாள் தாங்க மாட்டேன்.

முதலில் சின்ன விஷயம். நான் கையெழுத்து வைக்க மறுத்த வசனத்தை இங்கிலாந்து அரசாங்கமே அடித்துவிட்டது. இந்தப் பணம் கலியாணத்தை முன்னிட்டது அல்ல என்று அவர்களே சொல்கிறார்கள். அப்படியானால் அது சீதனமாக இருக்க முடியாது. நான் கேட்ட அத்தாட்சி உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும்? பஸ், டிக்கெட் என்று பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நான் சொன்ன உதாரணம் பிழை. அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. நேற்று வேலிக்குப் போய் அதை ஒப்புக்கொண்டேன். ஒரு பை எலுமிச்சம்பழம் தந்தாள்.

இனியும் மறுத்தால் அதற்குக் கொள்கை என்று பெயர் இல்லை. உங்கள் மகளுக்கு நீங்கள் எதையும், எப்போதும், எவ்வளவும் கொடுங்கள். என்னைக் கேட்க வேண்டாம். என்னைப் பார்க்கவும் வேண்டாம். வரி போனால் போகட்டும். ஐயாயிரத்தில் நாற்பது வீதம் போனாலும் மூவாயிரம் மிஞ்சும். நான் கணக்கில் கெட்டிக்காரன் அல்ல, ஆனால் இது எனக்கும் வருகிறது.

இனிப் பெரிய விஷயம். சோதனை எழுதுகிறது நீங்கள். மறுமொழியை நான் சொல்லித் தர முடியாது. பரீட்சை மண்டப வாசல் வரைக்கும் ஒருவர் கூட வரலாம். அதற்குப் பக்கத்தில் இருக்கிறவர் வேண்டும். நான் பன்னிரண்டாயிரம் மைல் தள்ளி இருக்கிறேன். ரதிதேவி அடுத்த அறையில் இருக்கிறாள். அவளிடம் சொல்லாமல் சத்திரசிகிச்சைக்குப் போகாதீர்கள். மயக்கம் தெளிந்து கண் திறக்கும்போது, உண்மை தெரிந்த ஒரு முகம் பக்கத்தில் இருக்க வேண்டும். தெரியாத முகத்துக்கு நீங்கள் அந்த நிலையிலும் நடிக்க வேண்டியிருக்கும்.

மகளுக்கு எப்போது சொல்வது என்பதைத் தாயிடம் விட்டுவிடுங்கள்.

ஒன்பதாம் திகதி இங்கே விடியும்போது உங்களுக்கு இன்னும் எட்டாம் திகதியாக இருக்கும். நான் முன்னதாகவே கும்பிடத் தொடங்கிவிடுவேன்.

ஜெயரட்ணம்

ஹரோ
21 டிசம்பர் 1996

அன்புள்ள சம்பந்தி,

ரதிதேவி ரெலிபோனில் சொன்னது உங்களுக்குத் தெரியும். என் கையாலும் எழுத வேண்டும் என்று இருந்தது.

கெட்டது இல்லை. கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்களாம். பரிசோதனைக்கூடத்தில் இருந்து முடிவு வந்து, டொக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று அதை வாசித்தார். நான் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். வருஷத்துக்கு ஒரு தரம் வந்து காட்ட வேண்டும், வேறு ஒன்றுமில்லை. நிறை பதினோரு இறாத்தல் குறைந்திருக்கிறது. காற்சட்டைக்கு வார் வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த அன்று ரதிதேவியை உட்காரச் சொல்லிச் சொன்னேன். அவள் அழவில்லை. கையில் வைத்திருந்த உருளைக்கிழங்கை உரித்து முடித்தாள்.

“குடலிறக்கத்துக்கு ஆரப்பா மூண்டு டொக்டர் பாக்கிறது?” என்றாள். “செப்டெம்பர் தொடக்கம் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். நீங்களாச் சொல்லட்டும் எண்டு இருந்தனான்.”

பிறகு எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். கஜந்தினிக்கு முடிவு வந்த பிறகுதான் சொன்னோம். ஒரு மணித்தியாலம் என்னைத் திட்டினாள். தமிழில்.

ரங்கநாதன் ஆசுபத்திரிக்கு வந்தார், திராட்சைப்பழமும் கையுமாக. வழி இருக்கிறதாம். கலியாணம் காட்சி ஒன்றும் இல்லாமலே, வருஷத்துக்கு மூவாயிரம் பவுண் யாருக்கும் கொடுக்கலாம், வரி இல்லை. போன வருஷத்தை நான் தொடவில்லை என்றபடியால் அந்த மூவாயிரத்தையும் இந்த வருஷத்தோடு சேர்க்கலாம். ஆக ஆறாயிரம். ஏப்ரல் ஐந்துக்கு முதல் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஏழு வருஷம் வேண்டாம். சாட்சி வேண்டாம். எதற்காகக் கொடுத்தது என்று எழுதவும் வேண்டாமாம்.

“இவ்வளவு சுலபமா இருந்ததை விட்டுட்டு எதுக்குய்யா அந்தக் கடிதத்தை எழுத வச்சீர்?” என்று அவர் பாணியிலேயே கேட்டேன்.

“மூவாயிரத்தை இன்னொரு தேவைக்கு வச்சுக்கலாம்னு பார்த்தேன் சார். கல்யாண விலக்கு சும்மா கெடக்குதேன்னு” என்றார். கணக்கர் புத்தி. எனக்கு விளங்குகிறது, நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

டொக்டர் ஆறு கிழமைக்குப் பிறகு பறக்கலாம் என்கிறார். பெப்ரவரி மூன்றாம் திகதிக்கு மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறேன். காசோலையை முதல் அனுப்பவா?

க. வரதராஜன்

நியூ லின்
5 ஜனவரி 1997

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் மனைவியின் குரலை ரெலிபோனில் கேட்ட அன்று சரோஜாதேவி அடுப்பை அணைத்துவிட்டு, வாங்கோ வெளியே போவோம் என்றாள். எங்கே என்று கேட்டேன். எங்கேயாவது என்றாள். புகையிரத நிலையம் வரை நடந்து போய், ஒரு ரயில் போகிறதைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அவ்வளவு சந்தோஷம்.

காசோலையை அனுப்ப வேண்டாம். கொண்டு வாருங்கள். உங்கள் கையால் கொடுங்கள். கொடுக்கும்போது நான் அந்த அறையில் இருக்க மாட்டேன். எப்போது, எவ்வளவு என்று எனக்குச் சொல்லவும் வேண்டாம்.

சஞ்சீவன் ஒடாஹுஹுவில் இன்னொரு வீடு பார்த்திருக்கிறான். வேலைக்கு நடந்தே போகலாம். முந்தினதைவிட ஓர் அறை கூட. முந்தின வீடு போனது நல்லதுக்கு என்று இப்போது அவனே சொல்கிறான். அப்படிச் சொல்லி எனக்கு ஒரு பாரத்தைக் குறைக்கிறான் என்று எனக்குத் தெரியும். நான் தெரியாததுபோல் இருக்கிறேன். மார்ச்சில் பணம் கட்ட வேண்டும்.

வாழைமரம் கிடைத்துவிட்டது. சஞ்சீவன் பார்த்த வீட்டு வீதியில், தொங்காத் தீவில் இருந்து வந்த ஒருவர் தன் பின்வளவில் இருந்து இரண்டு குலை வாழையைத் தருகிறார். காசு கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

இங்கே இப்போது நல்ல வெயில். தடித்த கோட்டைக் கையில் கொண்டு இறங்குங்கள். கறிவேப்பிலை கொண்டுவர வேண்டாம்.

அன்புடன்,
ஜெயரட்ணம்

ஹரோ
2 மார்ச் 1997

அன்புள்ள சம்பந்தி,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். வீடு பெரிதாக இருக்கிறது. கஜந்தினியின் அறைக் கதவைத் திறந்து வைக்கிறதா, சாத்தி வைக்கிறதா என்று ரதிதேவியும் நானும் இன்னும் முடிவெடுக்கவில்லை. இப்போதைக்குத் திறந்திருக்கிறது.

தாரை வார்க்கும்போது பாதித் தண்ணீரை நான் வேட்டியில் சிந்தினதை நீங்கள் பார்த்தீர்கள். பார்க்காததுபோல் நாதஸ்வரக்காரப் பெடியனோடு ஏதோ கதைத்தீர்கள். அதுவும் எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்பதால் நானே சொல்கிறேன். கலியாணத்துக்கு அடுத்த நாள் நீங்களும் சஞ்சீவனும் மண்டபத்துக் கதிரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தீர்கள். கஜந்தினி உங்கள் பின்பக்கப் படியில் இருந்து தலைமயிர் காயவைத்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். ரங்கநாதன் சொன்னபடி, கடிதம் ஒன்றும் வைக்காமல், உறையை அவள் மடியில் வைத்தேன்.

ஐந்து மாதமாக இதற்கு ஒரு காரணம் எழுதி எழுதி வெட்டினவன் நான். கலியாணத்துக்கு என்று எழுதினேன். ஏழு வருஷம் என்று எழுதினேன். ஆசுபத்திரிக்குப் போகிற அன்று, நான் திரும்பாவிட்டால் என்று ஒன்று எழுதி ரதிதேவியின் அலுமாரியில் வைத்தேன். அதை வந்து கிழித்துவிட்டேன்.

அவள் உறையைப் பிரித்துப் பார்த்தாள். கண் பெரிதாகிவிட்டது.

“இது என்னத்துக்கு அப்பா?” என்று கேட்டாள்.

“சும்மா” என்றேன்.

க. வரதராஜன்